அம்மாவின் சிவப்பு அட்டை

புந்தோங், ஈப்போ
5 ஏப்ரல் 2025, சனி இரவு

சாந்தினி அக்கா,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் மையத்தில் இருக்கும் பெரிய ஆட்களிடம் நிச்சயமாகக் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனம் வராவிட்டால் யார் கைக்கும் எட்டாத இடத்தில் ஒளித்து வை. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான். நீ எங்களோடு தங்கிப் படித்த காலத்தில், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று இதே கதவைத் தட்டுவாயே. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஒரு தட்டு. இப்போது அப்படி யாரும் தட்டுவதில்லை.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்தித்தாளில் எழுதிய கட்டுரை. ஈப்போவில் ஒரு தம்பதி தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, திருமணத்தை அரசாங்கத்தில் பதிவு செய்யாமல் விட்டார்கள், அதனால் அவர்களுடைய மகளுக்குப் பதினேழு வயதாகியும் ஐசி என்ற அடையாள அட்டை இல்லை என்று எழுதினாய். பெயர் போடவில்லை, சரி. ஆனால் அந்தத் தகப்பன் ஓடு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், கிளிக்கு 'செலாமாட் பாகி' சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்றும் எழுதினாயே. புந்தோங்கில் வேறு யார் வீட்டுக் கிளி அக்கா காலை வணக்கம் சொல்கிறது? பேப்பர் வந்த அன்று பத்து மணிக்குள் மூன்று பேர் கிளியைப் பார்க்க வந்துவிட்டார்கள். அதுவும் வெட்கமில்லாமல் மூன்று பேருக்கும் வணக்கம் சொன்னது.

"செத்துப்போன அண்ணன் மகளாச்சேன்னு சோறு போட்டேன்லா. எனக்குக் கல்யாணமே ஆவலைன்னு ஊருக்கே சொல்லிட்டா" என்று அப்பா சொன்னார். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. அம்மாவின் போனிலும் உன் எண்ணைத் தடுத்துவிட்டார். எனக்குப் போன் இல்லை. சிம் வாங்கக்கூட ஐசி வேண்டும்.

உனக்கு அங்கே குடியுரிமை ஆய்வு மையத்தில் துணைத் தலைவர் பதவி. எனக்கு இங்கே வகுப்பாசிரியையிடம் பொய் சொல்லும் வேலை. தேர்வுப் பதிவுக்கு எல்லாரும் ஐசி நகல் கொடுத்துவிட்டார்கள். நான் முதலில் மறந்துவிட்டேன் என்றேன். பிறகு தொலைந்துவிட்டது என்றேன். இப்போது அம்மா துணியோடு துவைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். இதற்குமேல் எனக்குப் பொய் தெரியாது.

எனக்கு ஒரே கேள்வி. நான் இந்த நாட்டுக்காரியா, இல்லையா? எஸ்.பி.எம். தேர்வு முடித்து ஆறாம் படிவ வகுப்புக்குப் போக வேண்டும் அக்கா. போக முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு.

இதை ட்ரேசி அக்காவிடம் கொடுக்கிறேன். கடலை வறுக்கிற அதே கடைதான். அவர் தம்பி கோலின் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஞாயிறு போய் வெள்ளி வருவார். கடிதம் முறுக்குப் பொட்டலத்துக்குள் இருக்கும். முறுக்கை நீயே சாப்பிடு.

தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள தினேசு,

முறுக்கைச் சாப்பிட்டேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. அரசியலமைப்பு வரலாறு என்ற தடித்த புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இங்கே அதை யாரும் திறப்பதில்லை, நம்பு.

கிளியைப் பற்றி எழுதியது என் தவறு. உங்களைக் கேட்காமல் எழுதியது அதைவிடப் பெரிய தவறு. பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைத்தேன். கட்டுரையில் உயிர் வேண்டும் என்று கிளியைச் சேர்த்தேன். என் தலைவர் டாக்டர் ஹலிமா அந்த இடத்தைப் படித்துச் சிரித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை புந்தோங் பேருந்து நிலையம்வரை வந்தேன். இரண்டு முறையும் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பெரிய பதவி என்கிறாயே. மூன்று அறை, ஒரு பிரிண்டர். துணைத் தலைவர் என்றால் சாவி என்னிடம் இருக்கிறது என்று பொருள். கருத்தரங்குக்கு நாற்காலி எண்ணுவேன், பேச வருகிறவருக்கு அறை பிடிப்பேன், அறிக்கை எழுதுவேன். இந்த மையம் ஆராய்ச்சிக்கு மட்டும், யாருடைய விண்ணப்பத்தையும் கையில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். எனவே இது மையத்தின் கடிதம் இல்லை. உன் அக்காவின் கடிதம்.

நீ கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று இப்போது சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை தெரியாமல் எழுதி உங்களை அவமானப்படுத்திவிட்டேன். உன் பிறப்புச் சான்றிதழை நான் பார்த்ததே இல்லை. அதில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்ப முடியுமா? ஆசிரியையிடம் இனிப் பொய் வேண்டாம். தேர்வுக்குப் பிறப்புச் சான்றிதழை வைத்தே பதிய வழி இருக்கிறதா என்று தனியாகப் போய்க் கேள்.

சாந்தினி


புந்தோங்
12 ஏப்ரல் 2025, இரவு

அக்கா,

கேட்டேன். ஆசிரியை ரோஸ்னா கதவைச் சாத்திவிட்டு, "நீ மூணாவது ஆளு" என்றார். என் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் அக்கா. யாரென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறப்புச் சான்றிதழ் போதுமாம். தேர்வு எழுதலாம். பிறகு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

சான்றிதழ் சாமி மேடைக்குக் கீழே பிஸ்கட் டின்னில் இருந்தது. அப்பா இரவு வேலைக்குப் போனதும் எடுத்தேன். திறக்கும்போது டின் மூடி விழுந்தது. கிளி விழித்துக்கொண்டு 'செலாமாட் பாகி' என்றது. அப்போது இரவு பதினொன்று.

அதில் இருப்பது இது. குழந்தை: தினேஸ்வரி. பிறந்த இடம்: ஈப்போ. தேதி: 19 பிப்ரவரி 2008. தகவல் சொன்னவர்: பத்துமலை, அதாவது அப்பா. அப்பாவின் ஐசி எண் இருக்கிறது. அம்மாவின் இடத்தில் குமுதா என்ற பெயர் மட்டும். எண் இல்லை. ஆவணம் காட்டப்படவில்லை என்று மலாயில் எழுதியிருக்கிறது. கடைசியில் என் நிலை: பூக்கான் வார்காநெகாரா. குடிமகள் இல்லை. தட்டச்சு எழுத்துத்தான். ஆனால் யாரோ என்னைத் திட்டியது போல இருந்தது.

நான் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு ஆறு வயசுல ஒரு தடவ உங்கப்பா பதிவாபீஸ் போனாரு. கல்யாண சர்ட்டிபிகேட் எங்கன்னு கேட்டாங்க. கோயில் புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டோமேன்னாரு. அது போதாதுன்னுட்டாங்க. திரும்ப வந்து ரெண்டு நாள் சாப்பிடல. கோயில் புஸ்தகத்துல போட்டா அரசாங்கத்துக்குத் தானா போயிடும்னுதான் தோட்டத்துல எல்லாரும் நெனச்சிருந்தோம்."

"இப்பக் கூடப் பதியலாமேம்மா?"

"போயி நிக்கணும்லா. இதுவரைக்கும் எங்களுக்குக் கல்யாணம் ஆவலன்னு ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்கணும். செத்தாலும் எழுத மாட்டேங்கிறாரு."

அப்படியானால் நான் இப்படியே இருக்க வேண்டியதுதானா அக்கா?

தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
17 ஏப்ரல் 2025

தினேசு,

உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். அம்மாவின் எண் இல்லை என்ற வரியை மட்டும் பத்து முறை.

கவனமாகப் படி. நீ பிறந்த அன்று இருந்த அரசியலமைப்புப்படி, இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும், பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. திருமணம் பதிவாகவில்லை என்றால் பெற்றோர் என்ற இடத்தில் தாயை மட்டும்தான் சட்டம் பார்க்கும். அதனால் குடிமகனான சித்தப்பாவின் நீல ஐசி அன்று உனக்கு உதவவில்லை. நான் உட்பட எல்லாரும் அத்துடன் நின்றுவிட்டோம். சித்தியைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

2008 பிப்ரவரியில் சித்தியின் கையில் என்ன இருந்தது? ஏதாவது அட்டை? என்ன நிறம்? அவரிடமே கேள்.

வேறு எதையும் எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை. டாக்டர் ஹலிமா இரண்டு மாத விடுப்பில் போகிறார். மையத்தை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் பெரிய கருத்தரங்கு, நூற்று இருபது நாற்காலி வேண்டும், எண்பதுதான் இருக்கிறது. அந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சித்தியின் அட்டை என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாந்தினி


புந்தோங்
26 ஏப்ரல் 2025, இரவு

அக்கா,

சிவப்பு.

போன வாரமே எழுதியிருப்பேன். அப்பா பகல் வேலைக்கு மாறியதால் அம்மாவோடு தனியாகப் பேச முடியவில்லை. இன்று சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அம்மா கையிலிருந்த கெம்போங் மீன் திரும்பப் பனிக்கட்டியில் விழுந்தது.

அம்மாவுக்கு அப்போது சிவப்பு ஐசிதான். நிரந்தரவாசி அட்டை. அவர் அப்பா அம்மா இருவருக்குமே சிவப்புத்தான். தோட்டத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிப்பார்களாம். அப்பா வீட்டில் எல்லாருக்கும் நீலம். அப்பா யார் பேச்சையும் கேட்காமல் அம்மாவைக் கட்டினார். அதுவரைக்கும் நல்ல கதைதான்.

பிறகு நான் பிறந்தேன். பதிவு செய்ய அப்பா மட்டும் போனார். அம்மாவின் அட்டையைக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று சொன்னாராம். அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

"என் நீலம் போதும், எதுக்கு உன் செவப்பக் காட்டி புள்ளையக் கொறச்சிக் காட்டணும்னு நெனச்சிட்டாருடி. பெருமைக்குச் செஞ்சது. இன்னிக்கு வரைக்கும் அது தப்புன்னு அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்று அம்மா சொன்னார். பிறகு மீன்காரர் பார்க்கிறார் என்றும் பார்க்காமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அந்தச் செவப்ப மறைக்க நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் அக்கா, அந்த அட்டை இப்போது இல்லை. 2012-இல் அம்மாவுக்கு நீலம் கிடைத்தபோது பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நகல் இல்லை. எண்ணும் ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று தெரியாமல் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன்.

தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
1 மே 2025

தினேசு,

சந்தோஷப்படு. உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம். நீ இந்த நாட்டுக்காரி. பிறந்த நிமிடத்திலிருந்து. யாரும் உனக்குப் புதிதாகத் தர வேண்டியதில்லை. ஒரு தாளைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' கொஞ்சம் கடினமானது. சித்தி அந்தத் தேதியில் நிரந்தரவாசி என்று காட்ட வேண்டும். பழைய பதிவுகளைத் தேட ஏதாவது ஒரு பிடி வேண்டும். பழைய எண் இருந்தால் நல்லது. நகல் இருந்தால் மிக நல்லது. சம்பளச் சீட்டு, மருத்துவமனை அட்டை, வங்கிப் புத்தகம், எதிலாவது அந்த எண் இருக்கலாம்.

இன்னொன்று. நான் மையத்தின் விதியை மீறிக்கொண்டிருக்கிறேன் என்று டாக்டர் ஹலிமாவுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர், "ஒருத்தருக்குச் செய்தால் நூறு பேர் வருவாங்க சாந்தினி" என்றார். "நூறு பேர் வந்தா அதுதானே டாக்டர் நம்ம ஆராய்ச்சி?" என்று கேட்டேன். கேட்ட பிறகு பயமாகிவிட்டது. உன் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போல. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

சாந்தினி


புந்தோங்
10 மே 2025, இரவு

அக்கா,

வங்கிப் புத்தகம் இல்லை. சம்பளச் சீட்டை அம்மா அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தினாராம். மருத்துவமனை அட்டை கரையான் தின்றுவிட்டது. மூன்று நாள் எதைக் கேட்டாலும் அம்மா "ஏது?" என்றார்.

நேற்று இரவு அப்பா உறங்கிய பிறகு அம்மா குளியலறைக் கதவைச் சுரண்டினார். திறந்தேன். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் வாளியில், அவர் துவைக்கிற கல்லில்.

"கல்யாணத்துக்கு முந்தின நாளு கோயில் செயலாளர் பிச்சைமுத்து வீடு தேடி வந்தாரு. ரெண்டு பேரு ஐசியும் குடுங்கன்னாரு. அவருக்கு ஒரு பழக்கம். டவுனுக்குக் கொண்டுபோயி ஐசிய நகல் எடுத்து, புஸ்தகத்துல கையெழுத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருவாரு. உங்கப்பா குடுக்க மாட்டேன்னு சண்டை. செவப்பு அட்டைய புஸ்தகத்துல ஒட்டி ஊருக்குக் காட்டப் போறியான்னு. பிச்சைமுத்து விடல. அட்டை இல்லேன்னா நாளைக்கு மேளம் இல்லேன்னுட்டாரு."

எந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்தது என்று இத்தனை வருஷம் ஏமாந்தார்களோ அதே புத்தகம் அக்கா.

நம் ஒன்பதாங்கட்டைத் தோட்டம் இப்போது இல்லை. சுங்கை சிப்புட் போகும் வழியில் அது இருந்த இடமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. கோயிலைச் சாலையோரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிச்சைமுத்து தாத்தா பாகான் செராயில் மகன் வீட்டில் இருக்கிறாராம். புத்தகம் யாரிடம் என்று அம்மாவுக்குத் தெரியாது.

நான் போக முடியாது. வழியில் போலீஸ் நிறுத்தி ஐசி கேட்டால் எதைக் காட்டுவேன்? அதனால்தான் நான் ஈப்போவைத் தாண்டிப் போனதே இல்லை. நீ போவாயா?

இந்த வாரப் பொட்டலத்தில் காரக் கடலையும் வைத்திருக்கிறேன். லஞ்சம் இல்லை.

தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
22 மே 2025

தினேசு,

முதலில் கெட்ட செய்தி. சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இதைப் படிப்பதற்குள் உனக்கும் தெரிந்திருக்கும். என்ன நடந்தது என்று சொல்கிறேன், பிறகு என்னைத் திட்டு.

பாகான் செராயில் வயல் நடுவில் வீடு. பிச்சைமுத்து தாத்தா வாசலில் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன்.

"பத்துமலை அண்ணன் மகளா? அவன் கல்யாணத்துல எனக்கு வடை குடுக்கல, தெரியுமா? கோவத்துல குடுக்கல. அந்த வடை பாக்கி இன்னும் இருக்கு."

புத்தகம் எங்கே என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "கோயில எடுக்கும்போது செலைய ஒருத்தன் கேட்டான், மணிய ஒருத்தன் கேட்டான். புஸ்தகத்த ஒருத்தனும் கேக்கல. நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். நான்கு புத்தகங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிப் பீப்பாய்க்குள். பூச்சி வராதாம்.

மூன்றாவது புத்தகத்தில் இருந்தார்கள். 2006 செப்டம்பர். இரண்டு கையெழுத்து, பக்கத்தில் இரண்டு நகல். கறுப்பு வெள்ளை நகல்தான். நிறம் தெரியாதே என்று, மேலே பிச்சைமுத்து தாத்தா தன் கையால் சிவப்பு மையில் 'சிவப்பு' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். எண் தெளிவாக இருக்கிறது. நான் அரிசிப் பீப்பாய்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் யாருக்கோ போன் போட்டார். மகனுக்கென்று நினைத்தேன். "டேய் பத்துமலை, உன் பொண்டாட்டி அட்டை என் வீட்லதான்டா இருக்கு. அன்னிக்கி என்னா சண்டை போட்ட. இப்ப உன் புள்ளைக்கு ஐசி எடுக்க அதுதான்டா வேணுமாம், உன் நீலம் வேண்டாமாம்" என்று சத்தமாகப் பேசுகிறார். பிடுங்கப் போனேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

சித்தப்பா பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகும் சத்தம் மட்டும் பீப் பீப் என்று கேட்டது. போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு கேட்டார்:

"அந்தப் படத்துல குமுதா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க சித்தப்பா. பூ வெச்சிருக்காங்க" என்றேன்.

போன் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அவர் என்னிடம் பேசினாரா, தாத்தாவிடம் பேசினாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நகல்கள் இதோடு இருக்கின்றன. முறுக்கு எண்ணெய் படாமல் தனி உறையில்.

சாந்தினி


புந்தோங்
24 மே 2025, இரவு

அக்கா,

திட்டமாட்டேன்.

அன்று அப்பா வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளைக் கழுவினார். கழுவி முடித்து மறுபடியும் கழுவினார். நான் குளியலறைக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். பிறகு கிளிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

"அன்னிக்கி அட்டை என் பாக்கெட்லதான் இருந்திச்சு."

"தெரியும்."

"பதினேழு வருஷமா புள்ளைக்கு நான்தான் சாலா பண்ணியிருக்கேன், பெரிய தப்பு."

"ரெண்டு பேரும்தான். நானும்தானே ஒளிச்சேன்."

நேற்று கோலின் அண்ணன் உன் உறையைக் கொண்டுவந்தார். அப்பாவே கடைக்குப் போய் வாங்கி வந்தார். நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்குக் கல்யாணப் பதிவு தேவையில்லையா?" என்று என்னைக் கேட்டார். தேவையில்லை, அம்மா அட்டை போதும் என்றேன். என் குரல் எலி மாதிரி வந்தது. அவர் பெருமூச்சு விட்டார். பெரிய சுமை இறங்கிய மாதிரி இருந்தது.

அப்போதுதான் அம்மா சொன்னார். "அதுக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை."

"என்னாது?"

"பதியணும். பத்தொம்பது வருஷமா சமைச்சுப் போடுறேன். அரசாங்கத்துக்குத் தெரியவேணாமா?"

அப்பா கிளியைப் பார்த்தார். கிளி உதவிக்கு வரவில்லை.

"பாக்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை அக்கா.

உன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உன் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை மூன்று பேரும் பதிவு அலுவலகம் போகிறோம்.

தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
7 ஆகஸ்டு 2025

தினேசு,

விண்ணப்பம் உள்ளே போய்விட்டது என்பதே பாதி ஐசி. மீதிக்குக் காத்திரு. நடுவில் ஒன்றும் கேட்காவிட்டால் அது நல்லதுதான்.

இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஹலிமா திரும்பி வந்து குழுவைக் கூட்டினார். உன் பெயர் சொல்லாமல், நீ அனுமதி கொடுத்தபடி, கோயில் புத்தகத்தைப் பற்றிப் பேசினேன். இந்த முறை கிளி இல்லை. ஒருவர், "மலிவான நோட்டுப் புத்தகம் எல்லாம் ஆதாரமா?" என்று சிரித்தார். டாக்டர் ஹலிமா, "நம்ம நூலகத்துல இருக்கிற எந்தப் புத்தகம் இதுவரைக்கும் ஒருத்தருக்கு ஐசி வாங்கிக் குடுத்திருக்கு?" என்று கேட்டார். அதோடு சிரித்தவர் நாற்காலியைச் சரிசெய்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு தீர்மானம். ஒன்று, பேராக் மாநிலத்தில் பழைய தோட்டக் கோயில்களின் திருமணப் புத்தகங்களைத் தேடி நகலெடுப்பது. இரண்டு, ஒருவரைப் பற்றி மையம் எதை எழுதினாலும் முதலில் அவரிடம் காட்டுவது. இரண்டாவதற்கு உன் பெயர் வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பரிலிருந்து சனிக்கிழமை காலையில் புந்தோங்கில் ஒரு மேசை போடப்போகிறோம். ட்ரேசி கடைக்குப் பக்கத்து அறையைத் தருகிறாள். வருகிறவர்களிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பட்டியல் வேண்டும். நான் எழுதியது நான்கு பக்கம், யாரும் பதில் சொல்லமாட்டார்கள். நீ எழுதிக் கொடு. சித்தியிடம் கேட்டாயே, அந்த மாதிரி.

மேசையில் நான் உட்காரவில்லை. சித்தப்பா தினமும் அந்தக் கடையில்தான் கடலை வாங்குவார். மையத்தில் வேறு ஆள் வருவார்.

சாந்தினி


புந்தோங்
8 நவம்பர் 2025, சனி இரவு

அக்கா,

மறுபடி வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் யாரிடமும் காட்டாதே. ஆனால் இந்த முறை பயம் வேறு மாதிரி.

கடிதம் வந்துவிட்டது. புதன்கிழமை. அப்பா வேலையில் இருந்தார். அம்மாவும் நானும் பிரித்தோம். என் நிலை: வார்காநெகாரா. முன்னால் இருந்த ஒரு சொல் போய்விட்டது. புதிய சான்றிதழோடு வந்து ஐசிக்கு விரல் ரேகை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கடிதத்தைச் சாமி மேடையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அப்பா வந்து படித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளியிடம் போய் அதற்கும் படித்துக் காட்டினார்.

விரல் ரேகை கொடுத்துவிட்டேன். ரேகை எடுத்த பெண்மணி, "ஏன் அழுறீங்க?" என்றார். "விரல் வலிக்குது" என்றேன். கண்ணாடியில் விரலை வைத்தால் யாருக்காவது வலிக்குமா? எனக்குப் பொய் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை மேசைக்கு இன்று பதினாறு பேர் வந்தார்கள். முதல் கேள்வி நான் எழுதியதுதான்: எங்கே தாலி கட்டினீர்கள், புத்தகம் இப்போது யாரிடம்? எல்லாரும் அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். பிறகு மீதி எல்லாம் தானாக வருகிறது. வரிசையில் என் வகுப்புப் பையன் தனேஷ் நின்றான். என்னைப் பார்த்ததும் ஓடப் பார்த்தான். "நீ மொத ஆளா, ரெண்டாவது ஆளா?" என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

இப்போது ரகசியம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் திருமணத்தைப் பதிகிறார்கள். அம்மா ஜெயித்துவிட்டார். அப்பா புதுச் சட்டை வாங்கி, பழையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிச்சைமுத்து தாத்தா. வடை கொடுத்தால்தான் கையெழுத்துப் போடுவாராம். இன்னொருவர் யாரென்று அப்பா சொல்லவில்லை. கேட்டால், "ஆள் இருக்குலா" என்கிறார்.

அது நீயாக இருக்க வேண்டும் அக்கா. அப்பா கூப்பிட மாட்டார், எனக்குத் தெரியும். ஏழு மாதமாக உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நீ அனுப்பிய நகல் உறையை அவர் தன் ஐசியோடு சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். நான் பார்த்தேன். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடு. வந்து வாசலில் நில். திட்டினால் நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். இந்த முறை மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகாதே.

மதியம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அப்பா இன்னும் வரவில்லை. மணி பத்தாகிறது. தூரம் போகிறேன், வர நேரமாகும் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். இரண்டு ஹெல்மெட் எடுத்துப் போயிருக்கிறார். தாத்தாவைக் கூட்டிவரப் பாகான் செராய் போயிருப்பார் என்று நினைத்தேன், ஆனால் தாத்தா இப்போதுதான் போன் செய்து வடை உளுந்தா பருப்பா என்று கேட்

வண்டி வந்துவிட்டது. கிளி 'செலாமாட் பாகி' சொல்கிறது. அம்மா சிரிக்கிறார். யாரோ குளியலறைப் பக்கம் வருகிறார்கள், கடிதத்தை எங்கே ஒளி

கதவு தட்டப்படுகிறது. இரண்டு தட்டு.

நிறுத்தம்.

ஒன்று.

அக்கா, அப்பாவுக்கு இப்படித் தட்டத் தெரியாதே